தோல் எங்கிருந்து முளைக்கிறது?



ஆழமாகத் தீக்காயம் பட்ட ஒருவருக்குத் தோல் ஒட்டும் அறுவை நடக்கிறது. மருத்துவர் அவருடைய தொடையிலிருந்து அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத தோலைச் சீவி எடுத்துக் காயத்தின் மேல் பரப்புகிறார். காயத்துக்குத் தோல் கிடைத்துவிட்டது. தோலைக் கொடுத்த தொடை என்ன ஆகும்? அங்கே செக்கச் சிவந்த சதை, அதன்மேல் ஊசிமுனை அளவில் ரத்தப் புள்ளிகள். அந்த இடத்துக்கு யாரும் தோல் ஒட்டுவதில்லை. மருந்துத் துணியால் மூடிக் கட்டுகிறார்கள், அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்துப் பிரித்தால் புதுத்தோல் மூடியிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது?

மயிர்க்காலிலிருந்து வந்தது.

நம் தோலில் மேல்தோல், அதற்குக் கீழே அடித்தோல் என்று இரண்டு அடுக்குகள் உண்டு. ஒவ்வொரு முடியும் நிற்கிற குழி, மேல்தோலே உள்நோக்கி மடிந்து அடித்தோலுக்குள் இறங்கியதால் உண்டானது. வியர்வைச் சுரப்பியின் குழாயும் அப்படித்தான். ஆகவே மேல்தோல் முழுக்கப் போனாலும் அதன் உயிரணுக்கள் ஆழத்தில் பத்திரமாக இருக்கின்றன. பஞ்ச காலத்திலும் சம்சாரி தொடாமல் வைத்திருக்கும் விதைநெல் அவை. காயம் பட்டதும் அவை பெருகி, குழியின் சுவரைப் பிடித்து மேலே ஏறி, நாலு பக்கமும் பரவி, அடுத்த குழியிலிருந்து வருகிறவற்றோடு சேர்ந்து புண்ணை மூடுகின்றன. வழவழப்பாகத் தெரிகிற கன்னத்திலும் கையிலும்கூடப் பூனைமுடியின் வேர்கள் உண்டு. முடியே இல்லாத உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருந்து இந்த வேலையைச் செய்கின்றன. உடம்பு முழுவதும் இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன.

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மயிர்க்கால்கள் நெருங்கி நிற்பதால் தலைத்தோல் மிக விரைவாக ஆறும். உடம்பின் பெரும்பகுதி வெந்துபோன நோயாளிக்குத் தலையை மழித்து அங்கிருந்து தோல் எடுப்பார்கள். ஆறியதும் அதே இடத்தில் மறுபடியும் எடுப்பார்கள். வேர் கீழே அப்படியே இருப்பதால் முடியும் பழையபடி வளர்ந்துவிடும்.

எனவே தீக்காயத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஆழம். சூடான குழம்பு தெறித்துக் கொப்புளம் போட்டுத் துடிக்க வைக்கிற காயத்தில் பெரும்பாலும் மயிர்க்கால்கள் பிழைத்திருக்கும். தோல் வெளிறி, விறைத்து, தொட்டால் உணர்ச்சியே இல்லை என்றால் நரம்பு முனைகளும் மயிர்க்கால்களும் சேர்ந்து கருகிவிட்டன என்று பொருள். வலி இல்லையே என்று வீட்டில் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். மிகவும் பயப்பட வேண்டிய காயம் அதுதான். அங்கே விளிம்பிலிருந்து மட்டுமே தோல் ஊர்ந்து வர முடியும். கடைசியில் மூடுகிற தழும்பில் முடி முளைக்காது, வியர்வையும் சுரக்காது.

'புண்ணுக்குக் காற்றுப் படட்டும், காய்ந்து பொருக்குத் தட்டினால் ஆறிவிடும்' என்பது நம் வீடுகளில் நெடுநாள் நம்பிக்கை. 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் ஒரே மாதிரியான மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடினார், சிலவற்றைக் காற்றில் விட்டார். மூடி ஈரமாக இருந்தவற்றில் புதுத்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் பரவியது. உயிரணுக்களுக்கு ஊர்ந்து செல்ல ஈரம் வேண்டும். பொருக்குக் கட்டினால் அதற்கு அடியில் ஈரமான பாதை தேடிச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. மும்பை மருத்துவர்கள் கிருமி நீக்கிய வாழையிலையைத் தீக்காயத்தின் மேல் கட்டிப் பார்த்து 2003இல் எழுதிய ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. இலை ஒட்டிக்கொள்ளாது, பிரிக்கும்போது வலிக்காது, ஈரத்தையும் காக்கும். கிருமி நீக்கியது என்ற சொல்லை மட்டும் மறந்துவிடாதீர்கள், கொல்லையில் அறுத்த இலையை அப்படியே கட்டக் கூடாது.

மூடிய புண்ணுக்குள் வேலை முடிவதில்லை. கொலாஜன் என்ற நார்ப்புரதம் ஒரு வருடம் வரைக்கும்கூட அடுக்கப்பட்டுச் சீராகிக்கொண்டே இருக்கும். அதன் பிறகும் தழும்பு பழைய தோலின் பலத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத்தான் எட்டும். அந்த நாரையும் உடம்பு ஓயாமல் புதுப்பித்தாக வேண்டும். 1740களில் ஜார்ஜ் ஆன்சன் என்ற ஆங்கிலத் தளபதி நடத்திய உலகக் கடற்பயணத்தில், காய்கனி இல்லாமல் மாலுமிகள் ஸ்கர்வி நோயில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1690இல் அயர்லாந்தின் பாய்ன் போரில் காயம்பட்ட ஒரு முதியவரும் அந்தப் பயணத்தில் இருந்தார். ஐம்பது வருடத்துக்கு முன் ஆறிய அவருடைய புண்கள் மீண்டும் வாய்திறந்தன என்று அந்தப் பயண வரலாறு சொல்கிறது. கொலாஜன் கட்ட வைட்டமின் சி வேண்டும். நமக்கு நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் அது தாராளமாகக் கிடைக்கிறது.

வயதானால் இந்த வேலைகள் எல்லாமே மந்தமாகின்றன. முதல் உலகப் போரில் பிரான்ஸின் கோம்பியேன் மருத்துவமனையில் லெகோம்த் து நுய் என்ற அறிவியலாளர் வீரர்களின் புண்களை வரைந்து அளந்து, ஆறும் வேகத்தைக் கணக்கிட்டார். ஒரே அளவுப் புண் இருபது வயதுக்காரருக்கு ஆறிய வேகத்தில் நாற்பது வயதுக்காரருக்கு ஆறவில்லை. முதுமையில் மேல்தோலும் அடித்தோலும் கோத்து நிற்கிற மேடு பள்ளங்கள் தட்டையாகிப் பிடிப்புக் குறைகிறது. பாட்டியின் கையில் ஒட்டிய பிளாஸ்திரியைச் சட்டென்று உரித்தால் தோலும் கூடவே வருவது அதனால்தான். எண்ணெய்ச் சுரப்பும் வியர்வையும் குறைவதால் தோல் வறண்டு அரிக்கிறது. சர்க்கரை நோயாளிகளில் பலருக்கு நரம்பு பழுதாகிப் பாதத்தில் வியர்வை நின்றுபோகிறது. குதிகால் வெடிக்கிறது, வெடிப்பு வலிக்காது, கிருமி புகுந்த பிறகுதான் தெரியவருகிறது. வீட்டில் வயதானவர்களுக்குக் குளித்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயைக் கை கால்களில் மெல்லத் தடவிவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களின் பாதத்தை நீங்களே தினமும் குனிந்து பாருங்கள்.

சமையலறையில் யாருக்காவது சுட்டுவிட்டால் உடனே வளையல், மோதிரங்களைக் கழற்றி, குழாயைத் திறந்து 20 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் காட்டுங்கள். சூடு உள்ளே இறங்கி மயிர்க்கால்களைக் கொல்வதற்குள் அதைத் தணிக்க வேண்டும். சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் இதைச் செய்தாலும் பலன் உண்டு. குழந்தையாக இருந்தால் உடம்பின் மற்ற பகுதியைப் போர்த்திவிட்டுச் செய்யுங்கள். ஐஸ் வேண்டாம். பேனா மை, பற்பசை, இட்லி மாவு, காபித்தூள் எதுவும் வேண்டாம். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். முகத்திலோ கையிலோ மூட்டிலோ பட்டிருந்தாலும், உள்ளங்கை அளவுக்கு மேல் பரவியிருந்தாலும், வலியே இல்லாமல் வெளிறிப் போயிருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.