நச்சுயிரி எவ்வழி வருகின்றது?



மகுடத் தொற்று என்னும் கொரோனா நோய் உலகை வளைத்த 2020ஆம் ஆண்டில், எந்நாட்டு எளிய மக்களும் வினவிய வினா ஒன்றே. இந்நோய் எவ்வழி வருகின்றது? காற்றில் வருகின்றதா? வினவியவர் மருத்துவம் கற்றவரல்லர். ஆயினும், கற்றோர் எழுப்பியிருக்க வேண்டிய வினா அதுவே. உலக நலவாழ்வு நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சு 28ஆம் நாள் மறுமொழி கூறிற்று. காற்றுவழிப் பரவுவதன்று என்பதை, உண்மை என்னும் தலைச்சொல்லோடு, ஐயத்திற்குச் சிறிதும் இடமின்றி அது வெளியிட்டது. அம்மறுமொழி எங்ஙனம் பிறந்தது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

மக்கள் வைரசு என வழங்கும் நச்சுயிரி தானே நடவாது, பறவாது, உண்ணாது. உயிரணுவுக்குள் புகும் வரை வெறுந் தூசு போலவே கிடக்கும். ஆகலின், ஓருடலினின்று மற்றோருடலுக்குச் செல்ல அதற்கு ஓர் ஊர்தி வேண்டும். வெறிநாய்க்கடி நோய்க்கு விலங்கின் எச்சில் ஊர்தி. டெங்குக் காய்ச்சலுக்கு ஏடிசுக் கொசு. இளம்பிள்ளை வாதத்திற்கு மலங்கலந்த நீரும் கையும். இவற்றில் வழக்கில்லை. மூச்சோடு வெளிப்படும் நச்சுயிரியின் ஊர்தியைப் பற்றியதே நெடுங்கால வழக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், நோய்க்கெல்லாம் தீய காற்றே முதல் என நம்பினர். மலேரியா என்னும் பெயருக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்பதுதான் பொருள். நுண்ணுயிர்கள் கண்டறியப்பட்ட பின் அந்நம்பிக்கை வீழ்ந்தது. அமெரிக்காவின் பிராவிடன்சு நகர நலவாழ்வு அலுவலர் சார்லசு சாப்பின் 1910இல் எழுதிய நூலில், தொடுகையும் அண்மையில் தெறிக்கும் துளியுமே தொற்றின் வழிகள் என வற்புறுத்தினார். காற்றிலும் நோய் வரும் என மக்கள் எண்ணிவிட்டால் கைகழுவுவதைக் கைவிடுவர் என்பது அவரது அச்சம். அச்சம் நியாயமானதே. ஆனால், நல்ல நோக்கத்தோடு இட்ட வேலி பின்வந்தோர்க்குக் கண்கட்டாயிற்று.

1930களில் வில்லியம் வெல்சு என்பார் துளிகளை அளந்தார். ஏறத்தாழ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கினும் பெரிய துளி விரைந்து நிலத்தில் வீழும். அதனினும் சிறியது வீழுமுன்னே உலர்ந்து, உள்ளிருக்கும் நுண்மியோடு காற்றில் மிதக்கும் எனக் கண்டார். பின்னைய மருத்துவ நூல்களோ வேறோர் எல்லையைத் தீட்டின: மில்லிமீட்டரின் ஆயிரத்தில் 5 பங்கு. வெல்சு கண்டதினும் இருபது மடங்கு சிறியது! இவ்வளவு எவ்வாறு நுழைந்தது? அமெரிக்க ஆய்வாளர் சிலர் பழைய ஏடுகளைப் புரட்டி 2021இல் விடை கண்டனர். நுரையீரலின் அடியாழத்தை எட்டினாலன்றிக் காசநோய் பற்றாது. அவ்வாழத்தை எட்டும் துகளின் அளவு அது. எது வீழும், எது மிதக்கும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒன்றன் அளவை மற்றொன்றன் அளவாகப் படியெடுத்துப் படியெடுத்து நூல்கள் வளர்ந்தன. ஏடு பெயர்த்தெழுதுவோர் பிழையால் பாடம் திரிவது புலவர்க்கு மட்டும் நேர்வதன்று போலும்!

சான்றுகள் இல்லாமலில்லை. 1970 சனவரியில் செருமனியின் மெசெடெ நகர மருத்துவமனையில், பாக்கித்தானிலிருந்து திரும்பிய இளைஞர் ஒருவர் சேர்க்கப்பட்டார். அவர் தனியறையில் வைக்கப்பட்டிருந்தார். அவருக்கிருந்தது பெரியம்மை எனப் பின்னரே தெரிந்தது. அவரைக் கண்ணாலும் காணாத மேல்மாடி நோயாளர்க்கும் அந்நோய் கண்டது. கால்மணி நேரத்திற்கு மேல் அங்கு நில்லாத வருகையாளர் ஒருவர்க்கும் கண்டது. ஆய்வாளர் அவ்வறையில் புகையெழுப்பிப் பார்த்தனர். புகை சன்னல் வழியாகவும் படிக்கட்டு வழியாகவும் ஏறி, நோய் சென்ற இடங்களுக்கே சென்றது.

1974இல் நியூயார்க்கு மாநிலப் பள்ளியொன்றில் தட்டம்மை கண்ட ஒரு பிள்ளையிடமிருந்து 28 பிள்ளைகட்குத் தொற்றிற்று. அவர்கள் 14 வகுப்பறைகளில் இருந்தோர். காற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றிவிடும் பொறியே அறைதோறும் நோயைக் கொண்டு சேர்த்தது.

இவ்வளவும் அறிந்த பின்னரே 2020 வந்தது. மார்ச்சு 10ஆம் நாள் மாலை, அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் கூட்டிசைக் குழுவினர் 61 பேர் இரண்டரை மணி நேரம் பாடிப் பயின்றனர். வாயிலில் கைதூய்மைக்கு மருந்து வைக்கப்பட்டிருந்தது. வழக்கமாகத் தழுவுவோர் அன்று தழுவவில்லை. அதாவது, தமக்குச் சொல்லப்பட்டதை அவர்கள் செய்தனர். ஒருவரிடமிருந்து 52 பேருக்கு நோய் தொற்றியது என்றோ தொற்றியிருக்கக்கூடும் என்றோ கணக்கிடப்பட்டது. இருவர் மாண்டனர். மூடிய அரங்கின் காற்றைப் பற்றி அவர்கட்கு எவரும் உரைத்திலர்.

அடுக்களையில் மிளகாய் வறுத்தால் திண்ணையில் இருப்பவர் தும்முகின்றார். அங்கே துளி தெறிக்கவில்லை. ஒருவரும் ஒருவரைத் தொடவில்லை. ஆறடி விலகியிருந்தும் பயனில்லை. சன்னலைத் திறந்தால் நெடி தணிகின்றது. தட்டம்மை கண்டவர் அறையை விட்டகன்று இரண்டு மணி நேரம் வரையிலும் அவ்வறைக் காற்றில் நோய் நிற்கக்கூடும் என்பதை விளக்க இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

2020 சூலையில் 239 அறிவியலார் ஒப்பமிட்ட மடல் வெளிவந்தது. காற்றுவழியைக் கருத்திற் கொள்க என அவர்கள் வேண்டினர். நிறுவனத்தின் சொல் மெல்ல மெல்லவே இளகியது. 2024 ஏப்பிரலில்தான், பலதுறை அறிஞரோடு கலந்து அது புதிய சொற்பட்டியை வெளியிட்டது. அதில் துளி என்றும் காற்றுத்துகள் என்றும் அளவால் பிரிக்கும் பழைய எல்லை நீக்கப்பட்டது. பெரிதாயினும் சிறிதாயினும் மூச்சோடு வெளிப்படுவன யாவும் தொற்றுத் துகள் என ஒரே பெயர் பெற்றன. அவற்றை மூச்சோடு உள்ளிழுத்தல் ஒரு வழி. அவை கண், மூக்கு, வாயில் நேரே வந்து படிதல் மற்றொரு வழி. எளிய மக்கள் முதல் திங்களிலேயே வினவிய இடத்திற்குக் கற்றோர் வந்துசேர நான்காண்டுகள் ஆயின.

தமிழில் இவ்விரு வழிகளையும் மூச்சேற்றம், நேர்படிவு என வழங்கலாம். துளி என்னும் சொல்லை, நிலத்தில் வீழ்வதற்கு மட்டும் நிறுத்திக்கொள்வது நன்று.