லூசான போல்ட்டுக்கு யார் பொறுப்பு?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரை)



எனக்குத் தந்திருப்பது பத்து நிமிஷம். பம்ப் பராமரிப்பில் இருப்பவன் நான். அதனால் ஒரு பம்பின் கதையையே சொல்லிவிடுகிறேன். விமானங்களுக்கு எரிபொருள் அனுப்பிய பம்ப் அது.

அமெரிக்காவில் டென்வர் நகரின் ஸ்டேப்பிள்டன் விமான நிலையம். 1995-இல் அதை மூடிவிட்டார்கள். 1990 நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை முடிந்து ஜனங்கள் ஊர் திரும்புகிற நாள். பயணிகள் முனையத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தள்ளியிருந்த எரிபொருள் கிடங்கில் தீப்பிடித்தது. டாங்குகளில் அப்போது சுமார் 52 லட்சம் காலன் இருப்பு. ஏறக்குறைய 48 மணி நேரம் எரிந்தது. 634 தீயணைப்பு வீரர்கள், 5 கோடியே 60 லட்சம் காலன் தண்ணீர். எரிந்ததும் ஒழுகியதுமாகப் போனது சுமார் 30 லட்சம் காலன். நஷ்டம் ஒன்றரைக் கோடி முதல் இரண்டு கோடி டாலர் வரை. நல்லவேளை, யாருக்கும் காயம்கூட இல்லை.

காரணம் என்ன தெரியுமா? அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்னது: பம்பை ஓட்டிய மோட்டாரின் போல்ட்டுகள் லூசாக இருந்தன. மோட்டார் அலைன்மென்ட் விலகியது. பம்ப் சேதமாகி எரிபொருள் கசிந்தது, பற்றிக்கொண்டது. அவ்வளவுதான்! ஒரு ஸ்பேனரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை.

சரி, தீ ஏன் இரண்டு நாள் நீடித்தது? ஆபத்து நேரத்தில் தானாக மூடிக்கொள்ளும் வால்வுகள் டாங்குகளில் இல்லை. கட்டுப்பாட்டுக் கட்டடமோ, கசியும் எரிபொருள் தேங்குகிற வளாகத்துக்குள்ளேயே இருந்தது. தீ என்று வந்தால் ஓடிப்போய் நிற்க வேண்டிய இடமே தீக்குள் இருந்தால் என்ன செய்வது? இது வரைபட மேஜையிலேயே பார்த்திருக்க வேண்டிய விஷயம்.

இப்போது பொறுப்புக்கு வருவோம். கிடங்கைப் பயன்படுத்தியவை விமானக் கம்பெனிகள். பராமரித்தது ஓர் ஒப்பந்த நிறுவனம். மேற்பார்வைக் கடமை நகர நிர்வாகத்துக்கு. காகிதத்தில் எல்லாருக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த போல்ட்டைத் தொட்டுப் பார்க்கத்தான் ஆள் இல்லை. போல்ட்டைக் கவனிக்காததோடு, சோதிக்கவும் பராமரிக்கவும் ஊழியர்களுக்குச் சரியான பயிற்சி தராததையும் வாரியம் ஒப்பந்த நிறுவனத்தின் குறையாகச் சொன்னது. மேற்பார்வையில் தவறியதற்காக நகர நிர்வாகத்தையும் விடவில்லை.

நம் நாட்டுச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. 1985 டிசம்பரில் டெல்லியில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், அடுத்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழில் நடத்துகிறவர், அதனால் பிறருக்கு வரும் தீங்குக்கு முழுப் பொறுப்பு. 'நாங்க ஜாக்கிரதையாத்தான் இருந்தோம்' என்று சொல்லித் தப்ப முடியாது. 1991-இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டமும், யார் தப்பு என்று நிரூபிக்கக் காத்திராமல் பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் கிடைக்க வழி செய்தது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது, தம்பி தங்கைகளே. சட்டமும் இன்ஷூரன்சும் தீ அணைந்த பிறகு வருகிறவை. தீக்கு முன்னால் அங்கே நிற்பவர் நம்மைப் போன்ற என்ஜினீயர்தான். 'பார்த்தாச்சு' என்று டிக் போட்ட செக்லிஸ்ட்டுகளை என் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். பார்த்தவர் யார் என்று கேட்டால் பதில் வராது. நாளைக்கு உங்கள் முன்னாலும் அந்தத் தாள் வரும். மூன்று கேள்வி கேளுங்கள்: நேரில் பார்த்தது யார்? எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தாயிற்றா? குறை கண்டால் பம்பை நிறுத்த அவருக்கு அதிகாரம் உண்டா? மூன்றுக்கும் பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அதுவரை பேனாவைத் திறக்க வேண்டாம். மேலதிகாரி கொஞ்சம் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

நம் ஹைட்ராலிக்ஸ் லேபில் பம்ப் டெஸ்ட் செய்யும்போது ஹெட், டிஸ்சார்ஜ், எபிஷியன்சி எல்லாம் ரெக்கார்டில் எழுதுகிறோம். அடுத்த முறை, ஸ்விட்சைப் போடுவதற்கு முன்னால் அஸ்திவார போல்ட்டுகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். அதற்கு மார்க் கிடையாது. இருந்தாலும் பாருங்கள்.