கரிப் பஞ்சும் கை வாளியும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரயில்வே குமாஸ்தாவுக்கும் விஞ்ஞானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. கடலில் எண்ணெய் கொட்டினால் அதை அள்ளப் போகிறவன் விஞ்ஞானி அல்ல, நம்மைப் போன்ற கூலிக்காரன்தான்.

2010 ஆகஸ்ட் 7-ஆம் தேதி இதே மும்பைக் கடலில் எம்.எஸ்.சி. சித்ரா, கலீஜியா என்ற இரண்டு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் கரையோர அலையாத்திக் காடுகள் வரை வந்து படிந்தது. 2017 ஜனவரி 28-இல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கெட்டி எண்ணெயை உறிஞ்ச முடியாமல் இயந்திரங்கள் திணறின. ஆட்கள்தான் வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. அப்போதும் மீனவர் கையில் வாளியும் மக்கும்தான்!

இதற்கு வேறு வழியே இல்லையா? இருக்கிறது, தோழர்களே.

லோகோ ஷெட்டில் வேலை செய்தவர்களுக்குக் காட்டன் வேஸ்ட் தெரியும். எண்ணெயைத் துடைப்போம், தூக்கி எறிவோம். அதைத் தண்ணீரில் போட்டால் எண்ணெயோடு தண்ணீரையும் குடித்துவிடும். அதே பருத்திப் பஞ்சைக் காற்றுப் படாமல் கடும் சூட்டில் கரியாக்கினால் குணம் மாறிவிடுகிறது. தண்ணீரை ஒட்டவிடாது, எண்ணெயை மட்டும் இழுத்துக்கொள்ளும். உள்ளே முழுக்க நுண்ணிய இடைவெளிகள். அதனால் எடை மிகக் குறைவு, மிதக்கும். 2013-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் இத்தகைய கரிப் பஞ்சு தன் எடையைப் போல் 50 மடங்கிலிருந்து சுமார் 190 மடங்கு வரை எண்ணெய் வகைகளை உறிஞ்சியது. உறிஞ்சியதைப் பிழிந்தோ, சூடாக்கி வடித்தோ எடுத்துவிட்டு, அதே பஞ்சை மறுபடியும் பயன்படுத்தலாம்.

மறுபடி பயன்படுத்துவதில் என்ன பெரிய விஷயம்? எண்ணெய் குடித்த குப்பையை எங்கே கொட்டுவார்கள் என்று யோசியுங்கள். பங்களா வாசலிலா? நம் குடிசை ஓரத்தில்தானே!

உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும். கப்பலின் கெட்டி எண்ணெய் நுண்துளைக்குள் எளிதில் நுழையாது. 2017-இல் சீன விஞ்ஞானிகள் கிராஃபீன் என்னும் கரிப் படலம் போர்த்திய பஞ்சில் மின்சாரம் பாய்ச்சிச் சூடேற்றி, கெட்டி எண்ணெயை இளக்கி உறிஞ்ச வைத்தார்கள். ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவில்தான் இருக்கின்றன. கடலளவுக்குச் செய்யச் செலவு அதிகம். நாளைக்கே வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை.

அதுவரை என்ன செய்வது? மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்று 1996-இல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, அந்தப் பணத்தில் ஒரு பகுதி இந்த ஆராய்ச்சிக்குப் போக வேண்டும். இரண்டு, மிதவைத் தடுப்புகளும் உறிஞ்சும் இயந்திரங்களும் ஒவ்வொரு துறைமுகத்திலும் தயாராக நிற்க வேண்டும். மூன்று, கையுறை, பூட்ஸ், முகக்கவசம், முழுக்கூலி, மருத்துவச் சோதனை இல்லாமல் ஒரு தொழிலாளியையும் எண்ணெயில் இறக்கக்கூடாது.

பஞ்சைப் பிழியட்டும், பாட்டாளியைப் பிழிய விடமாட்டோம்!