உடலுக்கு உடையவர் யார்?



வெள்ளி விழா மேடையில் இப்பொருள் தகுமா என்று சிலர் தயங்கலாம். ஆயினும், "எங்களுக்குப் பிள்ளையே வேண்டாம், கருத்தடை அறுவை செய்துகொள்கிறோம்" என்று கூறும் இளையோர் நம்மிடையே தோன்றியுள்ளனர். கேட்டவுடன் நாம் சினம் கொள்கிறோம். அதற்குமுன் நம் வரலாற்றைச் சற்றே நினைத்தல் வேண்டும்.

கருத்தடை வசதிகளை அரசே அளிக்க வேண்டும் என்னும் தீர்மானம் 1938 நவம்பரில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் வந்தது. அண்ணல் அம்பேத்கர் எழுதிய உரையை அவர்தம் கட்சி உறுப்பினர் ரோகம் படித்தார். மகப்பேற்றின் துன்பம் பெண்ணுடையது என்பதை அவ்வுரை மறக்கவில்லை. தீர்மானம் தோற்றது.

அண்ணல் உரிமையாகக் கேட்டது, நெருக்கடி நிலைக் காலத்தில் தண்டனையாக வந்தது. 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கு மேற்பட்டோர்க்கு அறுவை நடந்தது. வன்முறையில் சிக்கியோர் பெரும்பாலும் ஏழைகள். நம்மவரும் அவருள் அடங்குவர். வடமாநிலங்களில் ஆசிரியர்களுக்கும் ஆள் சேர்க்கும் இலக்கு விதித்தனர். பாடம் சொல்ல வேண்டியவர்கள் ஆள் தேடி அலைந்தனர். ஆசிரியராகிய நமக்கும் அதில் நாணம் உண்டு. 2014இல் பிலாஸ்பூர் மாவட்ட முகாம்களில் அறுவை செய்துகொண்ட பெண்களுள் 13 பேர் மடிந்தனர். முகாம்களையே ஒழிக்குமாறு உச்சநீதிமன்றம் 2016இல் ஆணையிட்டது.

பிள்ளை பெற்ற ஏழையை இழுத்துச் சென்ற அரசின் விதியே, பிள்ளையற்றோரைத் திருப்பி அனுப்புகிறது. ஒரு குழந்தையேனும் இருத்தல் வேண்டுமாம்! இரண்டிடத்தும் உரியவரின் விருப்பம் கேட்கப்படவில்லை.

"எண்ணிக்கைதானே நம் பலம்?" என்று நம் பெரியவர்கள் வினவுகின்றனர். அவ்வச்சம் பொய்யன்று, தேர்தலில் தலைகளைத்தானே எண்ணுகிறார்கள். ஆனால் வாக்குக்காக ஒரு பெண்ணின் வயிற்றை நாம் கணக்கில் எழுதுவோமாயின், இலக்கு விதித்த அதிகாரிக்கும் நமக்கும் வேறுபாடு யாது?

இளைஞர்களே, உங்களிடமும் ஒன்று கேட்போம். இவ்வறுவையை மீட்டெடுப்பது உறுதியன்று. முப்பது வயதுக்கு முன் செய்துகொண்டோரிடம் பின்வருத்தம் மிகுதி என ஆய்வுகள் கூறுகின்றன. பல்லாண்டு பயன் தரும் காப்பர்-டி போன்ற வழிகள் உள்ளன; அவற்றைக் கைக்கொண்டு சில ஆண்டுகள் பொறுத்திருங்கள். அதன் பின்னும் மனம் மாறாவிடில், தடுக்க நாம் யார்?

ஆண்களுக்குரிய அறுவை எளியது, வயிற்றைத் திறப்பதில்லை. ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களுள் நூற்றுக்கு 38 பேர் அறுவை செய்துகொண்டிருக்க, கணவன்மார் ஒருவர்கூடத் தேறவில்லை. முடிவு இருவருடையது என்று பேசும் இளைஞர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

துணைவரின் ஒப்புதல் கட்டாயமன்று என அரசு விதியே கூறுகிறது. ஆதலின் நம் வீட்டுப் பெண் மருத்துவமனைக்குச் செல்லுங்கால் மாமியாரைத் துணைக்கு அனுப்பலாம். மருத்துவருக்கு விடை சொல்ல அனுப்பலாகாது.