கடல் கடந்து வரும் உறை

இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

பழைய காந்தளூர்ச் சாலை என்னும் கல்விச்சாலை திருவனந்தபுரத்தின் இந்த வலியசாலைப் பகுதியில்தான் இருந்தது என்று வரலாற்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். ராஜராஜ சோழனின் கல்வெட்டுகள் அதைப் பேசுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே படித்தவர்கள் படிப்பு முடிந்ததும் திசைக்கு ஒருவராகப் போயிருப்பார்கள். நீங்களும் அப்படித்தான் போகப் போகிறீர்கள். துபாய்க்கும் தோஹாவுக்கும் விசா எதிர்பார்த்திருப்பவர்கள் உங்களில் இருக்கிறார்கள். பாங்கோடு ராணுவ முகாமைப் பார்த்தே வளர்ந்து, படையில் சேர விண்ணப்பித்தவர்களும் இருக்கிறார்கள். வெளியூர் போகிறவருக்குச் சொல்லவேண்டிய புத்திமதியெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். வீட்டில் யாரும் சொல்லாத ஒன்றைப் பற்றி நான் பேசுகிறேன்: ஊரைவிட்டுப் போனவரின் வாக்கு என்ன ஆகிறது?

அரசுப் பணியில் இருந்த காலத்தில் தபால் வாக்குகள் எண்ணும் மேசையில் உட்கார்ந்தவன் நான். வாக்குப்பதிவு இயந்திரங்களை எண்ணும் மேசைகளைச் சுற்றித்தான் கூட்டமும் பரபரப்பும் இருக்கும். சண்டை பெரும்பாலும் தபால் வாக்கு மேசையில் நடக்கும். அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எல்லையில் பணிபுரியும் ஒரு வீரருக்கு இன்று வாக்குச்சீட்டு மின்வழியில் போகிறது. 2016-ஆம் ஆண்டு விதி திருத்தப்பட்டு, அந்த நவம்பரில் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் இந்த முறை முதன்முதலாகச் செயலுக்கு வந்தது. வீரர் அதைப் பதிவிறக்கி, அச்சிட்டு, குறியிட்டு, சிறிய உறையில் வைத்து ஒட்டுகிறார். தன் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டு, மேலதிகாரியின் சான்றொப்பம் வாங்குகிறார். படிவத்தையும் சிறிய உறையையும் பெரிய உறைக்குள் வைத்து அஞ்சலில் அனுப்புகிறார். சீட்டு போவது மின்னல் வேகம். திரும்பி வருவது தபால்காரர் வேகம். எண்ணிக்கை தொடங்கும் காலை எட்டு மணிக்குள் அது தேர்தல் நடத்தும் அலுவலர் கைக்கு வந்தாக வேண்டும். எட்டு மணிக்குப் பிறகு வந்த உறையை யாரும் பிரிக்க மாட்டார்கள்.

நேரத்துக்கு வந்த பெரிய உறையைத் திறந்ததும் முதலில் பார்ப்பது உறுதிமொழிப் படிவத்தைத்தான். கையெழுத்து இருக்கிறதா, சான்றொப்பம் முறையாக இருக்கிறதா, படிவத்தில் உள்ள வரிசை எண்ணும் உறையின் மேலுள்ள எண்ணும் ஒன்றா? இவற்றில் ஒன்று தவறினாலும் சிறிய உறை திறக்கப்படாது. அதை அனுப்பியவர் யாருக்கு வாக்களித்தார் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. வாக்காளர் செய்யவேண்டிய எல்லாவற்றையும் சரியாகச் செய்திருக்கலாம். சான்றளித்த அதிகாரி பதவிப் பெயரை எழுத மறந்திருப்பார். அத்துடன் ஒரு குடிமகனின் வாக்கு தள்ளுபடிக் கட்டில் போய்ச் சேர்ந்துவிடும். அந்தக் கட்டில் ஓர் உறை சேரும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்திருக்கிறது. விதிப்படிதான் செய்தோம். ஆனாலும் கனத்தது.

நாகர்கோவிலைத் தாண்டிக் காவல்கிணறு வழியாகப் போனால் வரும் ராதாபுரம் தொகுதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. 203 தபால் வாக்குகள் எண்ணப்படவில்லை. காரணம், அவற்றில் சான்றொப்பமிட்டவர்கள் பள்ளித் தலைமையாசிரியர்கள். அவர்கள் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர்கள் அல்ல என்று தேர்தல் அலுவலர் முடிவெடுத்திருந்தார். அப்பாவு சென்னை உயர் நீதிமன்றம் போனார். அந்தத் தலைமையாசிரியர்களுக்குச் சான்றளிக்கும் தகுதி உண்டு, அந்த வாக்குகளையும் இயந்திரங்களின் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ண வேண்டும் என்று நீதிபதி ஜெயச்சந்திரன் 2019 அக்டோபர் 1-ஆம் தேதி தீர்ப்பளித்தார். மூன்று நாளில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணிக்கையும் நடந்தது. அதன் முடிவை அறிவிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. முடிவு வெளிவராமலே அந்தச் சட்டமன்றத்தின் ஐந்தாண்டுக் காலமும் முடிந்தது. 2021-இல் அதே அப்பாவு அதே தொகுதியில் வென்று பேரவைத் தலைவரானார்.

வேட்பாளருக்கு இன்னொரு தேர்தல் வந்தது. அந்த 203 பேருக்கு 2016 திரும்ப வரவில்லை. அவர்கள் தேர்தல் பணிக்காக அனுப்பப்பட்டவர்கள். மற்றவர்கள் வாக்களிப்பதற்காக உழைத்துவிட்டு, தங்கள் வாக்கை உறையில் போட்டு அனுப்பியவர்கள்.

இந்தச் சான்றொப்பமெல்லாம் எதற்கு, எடுத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அதற்குப் பதில் கேரளத்தின் வடக்கு முனையில், மஞ்சேஸ்வரத்தில் இருக்கிறது. 2016-இல் முஸ்லிம் லீக்கின் அப்துல் ரசாக், பா.ஜ.க.வின் சுரேந்திரனை 89 வாக்குகளில் வென்றார். இறந்தவர்கள் பெயரிலும், அன்று வெளிநாட்டில் இருந்தவர்கள் பெயரிலும் கள்ள வாக்கு விழுந்தது என்று சுரேந்திரன் வழக்குப் போட்டார். யார் எந்தத் தேதியில் நாட்டில் இருந்தார் என்று பயண விவரங்களைத் தேட வேண்டி வந்தது. இறந்தவர் என்று பட்டியலிடப்பட்ட ஒருவர் சம்மனைத் தன் கையாலேயே வாங்கினார். 2018-இல் ரசாக் காலமானார். மறு ஆண்டு மனு திரும்பப் பெறப்பட்டது. ஊரில் இல்லாதவரின் வாக்கு எப்போதும் இரண்டு சந்தேகங்களுக்கு இடம் கொடுக்கும். அவர் போட்டது எண்ணப்படாமல் போகலாம். அவர் போடாதது எண்ணப்பட்டும் போகலாம். ஆகவே காவல் வேண்டும். அந்தக் காவல் வாக்காளரையே வாசலில் நிறுத்திவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு அந்த உறைகூடக் கிடையாது. 2010-இல் சட்டம் திருத்தப்பட்டு வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கு வாக்குரிமை வந்தது. ஆனால் கடவுச்சீட்டுடன் சொந்த ஊர் வாக்குச்சாவடிக்கு நேரில் வர வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் பதிவு செய்திருந்த வெளிநாட்டு வாக்காளர்கள் 1,19,374 பேர். வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர். அந்த 2,958-இல் 2,670 பேர் கேரளத்தவர்கள். வாக்களிப்பதற்கென்றே கூட்டாக விமானம் ஏற்பாடு செய்து வருகிற வழக்கம் நம் மாநிலத்தில் உண்டு. அந்த ஆர்வத்தை நான் வணங்குகிறேன். ஆனால் ஒரு மாதச் சம்பளத்தை டிக்கெட்டுக்குக் கொடுத்தால்தான் வாக்கு என்றால், கட்டடத் தொழிலாளிக்கு அது உரிமை ஆகாது. பதிலாள் மூலம் வாக்களிக்க வழி செய்யும் மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் நிறைவேறாமல் காலாவதியானது. 2020 நவம்பரில் தேர்தல் ஆணையம், படைவீரர்களுக்கு இருக்கும் மின்வழித் தபால் முறையை வெளிநாட்டு வாக்காளர்களுக்கும் நீட்டிக்கத் தயார் என்று சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. அடுத்த ஆண்டு கேரளமும் தமிழ்நாடும் தேர்தலைச் சந்தித்தன. உறை வரவில்லை.

வந்தால் என்ன சண்டைகள் வரும் என்பதை அமெரிக்கா நமக்குக் காட்டியிருக்கிறது. 2000-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் புளோரிடா மாநிலத்தின் வித்தியாசம் 537 வாக்கு. தேர்தல் நாளுக்குப் பிறகு வந்து எண்ணப்பட்ட வெளிநாட்டு, ராணுவ வாக்குகள் 2,490. அவற்றில் 680 கேள்விக்குரியவை என்று பின்னர் நியூயார்க் டைம்ஸ் ஆராய்ந்து எழுதியது. தபால் முத்திரை இல்லாத ராணுவ உறையை ஒரு மாவட்டத்தில் ஏற்றார்கள், இன்னொரு மாவட்டத்தில் தள்ளினார்கள். என்னை அதிகம் உறுத்தியது 2024-இல் வட கரோலினாவில் நடந்தது. அந்த மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கான தேர்தலில் ஆலிசன் ரிக்ஸ் 734 வாக்குகளில் முன்னிலை பெற்றார். தோற்ற ஜெபர்சன் கிரிபின் 65,000-க்கும் மேற்பட்ட வாக்குகளை எதிர்த்தார். அவற்றில் புகைப்பட அடையாள அட்டையின் நகல் வைக்காமல் வந்த ராணுவ, வெளிநாட்டு வாக்குகளும் அடங்கும். அவர்கள் நகல் வைக்க வேண்டியதில்லை என்று தேர்தலுக்கு முன்பே தேர்தல் வாரியம் சொல்லியிருந்தது. சொன்னபடி செய்தவர்களின் வாக்கைத்தான் பிறகு தள்ளச் சொன்னார்கள். ஆறு மாதம் வழக்கு நடந்தது. 2025 மே மாதம் கூட்டாட்சி நீதிபதி ரிச்சர்ட் மையர்ஸ், வாக்குப் போட்ட பிறகு விதியை மாற்றக் கூடாது என்று ரிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தார். கிரிபின் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ராதாபுரத்திலும் இதே வலிதான். யாரிடம் கையெழுத்து வாங்கலாம் என்று கேட்டுத் தலைமையாசிரியரிடம் போனவர் முன்கூட்டித் தெளிவு பெற வழி இல்லை. எண்ணும் மேசையில்தான் அந்தத் தலைமையாசிரியரின் கையெழுத்து செல்லாது என்று முடிவானது.

கேரளத்தின் பெரிந்தல்மண்ணைத் தொகுதியில் 2021 சட்டமன்றத் தேர்தலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே வித்தியாசம் 38 வாக்கு. எண்ணாமல் வைக்கப்பட்டவை 348 தபால் வாக்குகள். தள்ளாத வயதில் வீட்டில் இருந்தபடியே வாக்களித்த முதியவர்களின் சீட்டுகள் அவை; வீட்டுக்கு வந்து வாங்கிப்போன தேர்தல் பணியாளர் போடவேண்டிய கையெழுத்து முதலியவை இல்லை என்பது தள்ளியதற்குக் காரணம். வழக்கு நடந்துகொண்டிருக்கையில், கருவூலத்தில் இருக்கவேண்டிய வாக்குப் பெட்டி 2023 ஜனவரியில் மலப்புறத்தில் ஒரு கூட்டுறவுத் துறை அலுவலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. வென்றவரின் வெற்றி நிலைத்தது. எண்பது வயதில் நடுங்கும் கையால் குறியிட்ட ஒரு பாட்டி செய்த பிழை இதில் என்ன? ஒன்றுமே இல்லை.

பிள்ளைகளே, உங்களில் பலர் வாக்காளராக மட்டும் இருந்துவிடப் போவதில்லை. ஆசிரியராவீர்கள், வருவாய்த் துறைக்குப் போவீர்கள், படையில் அதிகாரியாவீர்கள். ஒருநாள் உங்கள் முன் ஓர் உறுதிமொழிப் படிவத்தை யாரோ நீட்டுவார்கள். வேலை நெருக்கடியில், பெயரும் பதவியும் எழுதாமல் ஒரு கிறுக்கல் போட்டுத் தள்ளிவிடத் தோன்றும். அந்த நேரத்தில் 49-ஐயும் 38-ஐயும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேனாவில் இருப்பது இன்னொருவரின் உரிமை.

நல்ல மாற்றங்கள் வராமலில்லை. வெற்றி வித்தியாசம், தள்ளுபடியான தபால் வாக்குகளைவிடக் குறைவாக இருந்தால் அவற்றை மீண்டும் சரிபார்க்காமல் முடிவை அறிவிக்கக் கூடாது என்று தேர்தல் ஆணையம் ஆணையிட்டிருக்கிறது. தபால் வாக்கு எண்ணிக்கை முடிந்த பிறகே இயந்திரங்களின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் சொன்னது. ஆந்திரத்தில் 2024-இல் அதிகாரியின் முத்திரை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வாக்கைத் தள்ள வேண்டாம் என்று ஆணையம் சொன்னபோது ஒரு கட்சி வழக்குப் போட்டது, நீதிமன்றம் தலையிடவில்லை. இவை போதா.

என் யோசனை ஒன்றை உங்களிடம் வைக்கிறேன். பெரிய உறையை எண்ணிக்கை நாள்வரை மூடியே வைத்திருப்பதால்தான் படிவத்தின் குறை அன்று தெரிகிறது. அன்று திருத்த முடியாது. வாக்குச்சீட்டு தனியாகச் சிறிய உறைக்குள் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆகவே பெரிய உறை வந்த நாளிலேயே வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் அதைத் திறந்து படிவத்தை மட்டும் பார்க்கலாம். வாக்கின் ரகசியம் கெடாது. சான்றொப்பம் இல்லையென்றால் அந்த வீரருக்கு ஒரு குறுஞ்செய்தி போகட்டும். அவர் எட்டு மணிக் கெடுவுக்குள் சரியான படிவத்தை அனுப்பட்டும். 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் இதற்கொரு திருத்தம் வேண்டும். அந்த விதிகளை மாற்றுவது தேர்தல் ஆணையத்தைக் கலந்துகொண்டு மத்திய அரசு செய்யவேண்டிய வேலை. நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் தேவையில்லை. வெளிநாட்டு வாக்காளருக்கு உறை கிடைக்கும் நாளிலும் இதே ஏற்பாடு அவருக்கும் பொருந்தும்.

அரசியல் அறிவியல் படித்த பிள்ளைகள் இந்த வரைவை எழுதுங்கள். அஞ்சல் தாமதமானால் என்ன செய்வது, குறுஞ்செய்தி போகாத பனிமலை முகாம்களுக்கு என்ன வழி, முகவர்கள் வராவிட்டால் உறையைத் திறக்கலாமா என்று கேள்விகள் இருக்கின்றன. அவற்றுக்கு என்னிடம் முழு விடை இல்லை, உங்களிடம் எதிர்பார்க்கிறேன். எழுதியதைச் சட்ட அமைச்சகத்துக்கும் திருவனந்தபுரத்தில் உள்ள தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும் அனுப்புங்கள். வெளிநாடு போகிறவர்கள் அங்கே போய்ச் சேர்ந்ததும், வெளிநாட்டு வாக்காளராகப் பதிவு செய்யும் 6ஏ படிவத்தை நிரப்பி அனுப்புங்கள்.