நடுவுல ரிங் எதுக்கு சார்?

ஷியர் ஸ்ட்ரெஸ் என்றதும் பரவளையம் வரைவீங்க. அது விரிசல் விடாத பீமுக்கு. விரிசல் விட்ட கான்கிரீட்டில், நடுநிலை அச்சுக்குக் கீழே கம்பி வரைக்கும் அது ஒரே அளவு என்றுதான் கொள்கிறோம். ஐ.எஸ். 456 சராசரியோடு நிறுத்திக்கொள்கிறது.

அந்தச் சராசரி எவ்வளவு தாங்கும்? 1955-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் விமானப்படைக் கிடங்கின் கூரை இடிந்தது. 90 செ.மீ. ஆழ பீம்கள், சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 0.5 நியூட்டனிலேயே உடைந்தன. ஆய்வகத்தில் 30 செ.மீ. மாதிரி இரண்டு மடங்கு தாங்கியது! கான்கிரீட் சுருங்கியதால் வந்த இழுவிசை ஒரு காரணம். ஆழம் கூடக்கூடத் தாங்குதிறன் குறையும் என்பது பிந்தைய சோதனைகளில் தெளிவாச்சு.

வளைந்து உடைகிற பீம் முன்கூட்டியே தொங்கிக் காட்டும். ஷியரில் உடைவது சொல்லாமல் கொள்ளாமல் விழும். “நடுவுல ரிங் எதுக்கு சார்?” என்று கம்பி கட்டுபவர் கேட்பார். ஓஹையோவில் பீம் உடைந்த இடத்தில் ரிங் இல்லை.