யூபிலிக் கொம்பொலி
(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி, யூபிலி என்று வாயாரச் சொல்லி மகிழ்கிறோம். இச்சொல் எபிரேயர் நமக்குத் தந்தது. 'யோபேல்' என்றால் ஆட்டுக்கடாவின் கொம்பு என்பர். ஐம்பதாம் ஆண்டில், பாவப் பரிகார நாளன்று, நாடெங்கும் கொம்பு ஊத வேண்டும் என்கிறது லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரம். அவ்வாண்டில், வறுமையால் விற்ற காணி பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். பிழைக்க வழியின்றித் தன்னையே விற்றுக்கொண்ட இஸ்ராயேலன் பிள்ளைகளோடு வீடு திரும்ப வேண்டும். காரணம் என்ன? எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இறைவன் மீட்ட மக்களை இன்னொருவன் அடிமையாக வைத்திருக்கலாகாது!

இத்தகைய பழைய ஏற்பாட்டு வரலாறுகளைக் கிறிஸ்துவின் முன்னடையாளங்களாகத் திருச்சபை வாசிக்கிறது. இது பிற்காலத்தார் புனைந்ததன்று. மோயீசன் பாலைவனத்தில் உயர்த்திய பாம்பைத் தம் சிலுவைக்கு அடையாளமாக ஆண்டவரே காட்டினார் (அருளப்பர் 3). செங்கடலைக் கடந்ததில் ஞானஸ்நானத்தைக் கண்டார் புனித சின்னப்பர் (1 கொரிந்தியர் 10). ஆகவேதான் பாஸ்காத் திருவிழிப்பில் எந்த வாசகத்தை விட்டாலும் செங்கடல் வாசகத்தை விடுவதில்லை.

யூபிலியும் அவ்வாறே. நாசரேத்துச் செபக்கூடத்தில் இயேசு இசையாஸ் ஆகமத்தை விரித்தார். ஏழைகளுக்கு நற்செய்தியும் சிறைப்பட்டோர்க்கு விடுதலையும் கூறும் பகுதியை வாசித்து, அது அன்றே நிறைவேறியதாக அறிவித்தார் (லூக்காஸ் 4).

'மீட்பர்' என்னும் சொல்லையும் எண்ணிப் பாருங்கள். ஒருவன் விற்ற காணியை அவனுடைய நெருங்கிய உறவினன் மீட்க வேண்டும் என்பதும் லேவியர் ஆகமச் சட்டமே. அடகு வைத்த நகையை மீட்டோம் என்று நாமும் சொல்கிறோம் அல்லவா? நமக்கு உறவினராக, மனிதனாகவே பிறந்து, தம் உயிரையே விலையாகத் தந்தவரை அச்சொல்லால்தான் அழைக்கிறோம்.

ஆனால், நிஜம் வந்தபின் நிழல் எதற்கு என்று கேட்பாரும் உண்டு. 2-ஆம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவன் பழைய ஏற்பாட்டையே தள்ளினான்; திருச்சபையோ அவனைத் தள்ளியது. ஆன்ம விடுதலையை மட்டும் பேசி, காணியையும் கடனையும் மறந்தால் நாமும் அவன் வழியே செல்கிறோம். முன்னடையாளம் என்பது பொருள் விளங்கியதும் கிழித்தெறியும் சீட்டன்று. கிறிஸ்து அதை நிறைவாக்கினார், அழிக்கவில்லை. 2000-ஆம் ஆண்டின் யூபிலிக்கு ஆயத்தமாக, ஏழை நாடுகளின் கடன் சுமையைக் குறைக்குமாறு பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1994-இல் கேட்டதும் இதனாலேயே.

அன்பர்களே, விழாப் பந்தல் பிரிக்கப்படும், கொடியும் இறங்கும். அதற்குமுன், ஏழை ஒருவனின் கடன் பத்திரமாவது அவன் கைக்குத் திரும்பட்டும். காணிக்காகப் பேச்சற்றிருக்கும் அண்ணன் தம்பி ஒரே இலையில் உண்ணட்டும். அப்போது நம் பங்கிலும் அந்தக் கொம்பொலி கேட்கும்.